தோடம்பழமும் துறைமுகமும்

இனங்களுக்கும் நாடுகளுக்கும் இடையே எழும் பிணக்குகளைத் தீர்த்து வைப்பதற்கென்று மத்தியஸ்தர்களைப் பயிற்றுவிப்பது நமது காலத்தில் ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்துவிட்டது. அதற்கெனப் பல்கலைக்கழகங்களில் துறைகள் இருக்கின்றன, பாடநூல்கள் இருக்கின்றன, ஒரு நாட்டில் பயின்று மறு நாட்டில் பணிபுரியும் ஆசான்களும் இருக்கிறார்கள். 'பயிற்சிப் பட்டறை' என்ற சொல் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பழகிப்போன சொல்.

இக்கல்வியை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. மனிதர் ஒருவரையொருவர் கொன்று குவிக்காமல் பேசித் தீர்த்துக்கொள்ள வழி தேடும் எந்த முயற்சியும் மதிப்புக்குரியதே. ஆனால் மதிப்புக்குரியது என்ற காரணத்தால் அது விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. ஒரு நாவலை, ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, இது எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது, யாருடைய வாழ்க்கைக்கு உதவுகிறது என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்வியை இந்தக் கல்வியிடமும் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அதிலும் ஓர்ஸ் ஹில் என்னும் மேட்டுப் பகுதி. பெயர் ஆங்கிலேயர் காலத்துப் பெயர். குடியிருப்போரில் பெரும்பாலோர் தமிழர். கீழே உள்துறைமுகம். மேட்டில் விவேகானந்தா கல்லூரி. மாகாண நிர்வாகத்தின் அலுவலகங்கள். ஓர் இராணுவ முகாம். 2002-ம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னும், 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும் வெளிநாட்டு நிறுவனங்கள் இந்நகரை நாடி வந்தபோது, இம்மேட்டின் வீடுகள் சில அவர்களுடைய அலுவலகங்களாயின. பள்ளிக்கூடம், அரசாங்கம், துப்பாக்கி, சமாதானப் பயிற்சி ஆகிய நான்கும் ஒரே வீதியில் அண்டை வீட்டாராக வாழ்ந்த இடம் இது.

மேட்டின் கீழே உள்ள நீரும் சாதாரண நீரன்று. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று அது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் இதன்மேல் குண்டு வீசின. இலங்கை சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள் கழிந்த பிறகே, 1957-ல்தான், பிரிட்டிஷ் கடற்படை இதைக் கையளித்துவிட்டு வெளியேறியது. ஆங்கிலேயர் எழுப்பிய எண்ணெய்க் குதங்களில் 99 குதங்கள் சீனன்குடாவில் இன்றும் நிற்கின்றன. அவற்றை யார் ஆள்வது என்பதில் 2022-ம் ஆண்டு ஜனவரியிலும் இலங்கையும் இந்தியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. துறைமுகத்தைச் சுற்றி வாழ்கின்ற தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று மக்களில் எவரும் மாவட்டத்தில் தனிப் பெரும்பான்மையினர் அல்லர். ஆகவே ஒரு மத்தியஸ்தர் கற்றுக்கொண்ட வித்தை எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பதற்கு இங்கே இடமிருக்கிறது.

இனி அந்த வித்தைக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-ம் ஆண்டில் பேச்சுவார்த்தைக் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். உலகெங்கும் மத்தியஸ்தப் பயிற்சிக்கு அது அரிச்சுவடியாயிற்று. அதில் ஒரு சிறு கதை வருகிறது. இரு சகோதரிகள் ஒரு தோடம்பழத்துக்காகச் சண்டையிடுகிறார்கள். கடைசியில் பழத்தைச் சரிபாதியாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தி பழத்தைத் தின்று தோலை எறிகிறாள். மற்றவள் தோலைப் பலகாரத்துக்கு எடுத்துக்கொண்டு பழத்தை எறிகிறாள். ஏன் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒருத்திக்கு முழுப் பழமும் மற்றவளுக்கு முழுத் தோலும் கிடைத்திருக்கும் அல்லவா? ஒருவர் என்ன கேட்கிறார் என்பதைவிட ஏன் கேட்கிறார் என்பதைப் பார் என்பதே கதை தரும் பாடம்.

நல்ல பாடந்தான். இரு அயலவர் வேலித் தகராற்றிலும், ஒரு குடும்பத்துச் சொத்துப் பிரிவினையிலும் இப்பாடம் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இக்கதை தன் வசதிக்காக மறைத்துவிட்ட செய்திகள் சில உண்டு. சகோதரிகள் இருவரும் சம பலம் உடையவர்கள். தோடம்பழம் யார் தோட்டத்தில் காய்த்தது என்ற கேள்வி எழவில்லை. ஒருத்தியின் கையில் ஆயுதம் இல்லை. வீட்டுக்கு வெளியே நிற்கும் மூன்றாம் மனிதன் எவனும் அந்தப் பழத்தின்மேல் கண் வைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்திக்குத் தோலும் மற்றவளுக்குச் சுளையும் தேவைப்பட்டது ஓர் அதிர்ஷ்டம். இருவருக்கும் சுளையே வேண்டியிருந்தால் கதை அங்கேயே நின்றுபோகும்.

திருகோணமலையில் எல்லோருக்கும் சுளைதான் வேண்டும். விவசாயிக்குக் காணி வேண்டும். கடற்படைக்கும் அதே காணி வேண்டும். மூதூர் கிழக்கில் உள்ள சம்பூர் மக்கள் 2006-ம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தார்கள். 2007-ல் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் அந்நிலத்தில் 818 ஏக்கர் கைத்தொழில் முயற்சி ஒன்றுக்கென ஒதுக்கப்பட்டது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலுமாக ஆண்டுகள் கழிந்தன. 2015-லும் 2016-லுந்தான் நிலம் கட்டம் கட்டமாக மீண்டது. இந்தப் பிணக்கில் ஒளிந்து கிடந்த 'தோல்' எது, 'சுளை' எது என்று எந்தப் பாடநூலைப் புரட்டிக் கண்டுபிடிப்பது? அம்மக்களுக்கு வேண்டியிருந்தது தங்கள் கிணறும் வயலும் கோயிலுந்தான். அவர்கள் கேட்டதற்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டதற்கும் இடையே ஓர் அணுவளவும் வேற்றுமை இருக்கவில்லை.

பயிற்சி நூல்கள் பலவற்றில் காணப்படும் மற்றொரு கொள்கையையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். வேறு வேறு பண்பாட்டினர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததே பிணக்கின் வேர் என்பது அக்கொள்கை. ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசுவார், மற்றவர் தலை குனிந்து பேசுவார். ஒருவர் 'இல்லை' என்று நேரே சொல்வார், மற்றவர் 'பார்க்கலாம்' என்பார். இவற்றை அறிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும் என்பார்கள்.

நல்லது, பாக்கு நீரிணையைப் பாருங்கள். இராமேஸ்வரத்து மீனவர்களும் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களும் பேசுவது ஒரே தமிழ். வழிபடும் தெய்வங்கள் ஒன்று. கச்சதீவு அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இருகரையிலிருந்தும் வருகிறார்கள். திருமண உறவுகளும் இருந்ததுண்டு. ஆயினும் இரு நாட்டு மீனவர்க்கிடையே இன்றளவும் தீராத பிணக்கு இருக்கிறது. 2004-லும் 2010-லும் மீனவரும் மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினார்கள். 2014-ல் முதலில் சென்னையிலும் பிறகு கொழும்பிலும் மீண்டும் பேசினார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஒருவர் துன்பத்தை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். இருந்தும் பிணக்குத் தீரவில்லை. ஏன்? தமிழகத்து விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியை வாரிச் செல்கிறது. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய வடபுலத்து மீனவனின் வலைகளையும் அறுத்துச் செல்கிறது. இழுவைப் படகின் பின்னால் முதலும் கடனும் ஏற்றுமதிச் சந்தையும் நிற்கின்றன. இலங்கை 2017-ல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. அப்படியும் படகுகள் எல்லை தாண்டின, கைதுகள் தொடர்ந்தன.

ஒரே பண்பாட்டினர்க்கிடையே பிணக்கு இப்படி நீடிக்குமாயின், பண்பாட்டு வேற்றுமையே பிணக்கின் மூலம் என்ற கொள்கை என்னாவது? வேற்றுமை சண்டைக்குக் கொடியைத் தரலாம். காரணத்தைத் தருவது பெரும்பாலும் நிலமும் நீரும் தொழிலும் அதிகாரமுமே. இதை ஒப்புக்கொள்ளாத பயிற்சி, நோயை விட்டுவிட்டு நோயாளியின் முகபாவத்தை ஆராய்வதாகும்.

நாடு கடந்து வந்த மத்தியஸ்தம் திருகோணமலைக்குப் புதிதன்று. இந்தத் துறைமுகம் இருவகை மத்தியஸ்தர்களைக் கண்டிருக்கிறது.

முதல் வகை, பலமும் நலனும் உடைய அயலவர். 1983-ம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பின் இந்தியா நடுவில் வந்தது. 1985-ல் பூட்டானின் திம்புவில் பேச்சு நடந்தது. 1987-ம் ஆண்டு ஜூலை 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவ்வொப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் இராணுவ உபயோகத்துக்கும் விடுவதில்லை என்பதும், எண்ணெய்க் குதங்களைச் சீர்செய்து இரு நாடுகளும் கூட்டாக நடத்துவதென்பதும் அவற்றில் இடம் பெற்றன. தமிழ் மக்களின் உரிமையைப் பேச வந்த இடத்தில் துறைமுகத்தின் சாவியும் பேசப்பட்டது. சில மாதங்களில் மத்தியஸ்த நாடே போரிடும் தரப்பாயிற்று. 1990-ம் ஆண்டு மார்ச்சில் அதன் கடைசிப் படைப்பிரிவு கப்பலேறியதும் இதே திருகோணமலையிலிருந்துதான்.

இரண்டாம் வகை, தொலைதூரத்து நல்லவர். நோர்வேயின் முயற்சியால் 2002-ம் ஆண்டு பெப்ரவரி 23-ம் தேதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. நோர்வே தன்னை மத்தியஸ்தர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. நமது பத்திரிகைகள் அதற்கு 'அனுசரணையாளர்' என்று பெயர் சூட்டின. சொல் நுட்பமானது. மத்தியஸ்தர் நடுவில் நிற்பவர். தீர்வொன்றைத் தாமே முன்வைக்கவும் கூடும். அனுசரணையாளர் அனுசரித்துப் போகிறவர். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பவர். பிற்காலத்தில் நோர்வே அரசின் வேண்டுகோளின்படி அதன் முயற்சிகளை ஆராய்ந்த ஐந்து அறிஞர்கள் 2011-ல் தங்கள் மதிப்பீட்டை வெளியிட்டபோது, அதற்குச் 'சமாதானத்தின் பகடைக்காய்கள்' என்ற பொருள்படத் தலைப்பிட்டார்கள். அந்தத் தலைப்பே ஒரு விமரிசனம்.

போர்நிறுத்தம் ஒன்றும் தரவில்லை என்று சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். பாதைகள் திறந்தன; மீனவன் முன்னைவிடத் தூரம் சென்று வலை வீசினான்; பல்லாண்டுகள் பாராத உறவுகள் ஒன்றையொன்று பார்த்தன. எத்தனையோ தாய்மார் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளை இழக்காதிருந்தார்கள். நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். பலர் உலகின் வேறு கலவர பூமிகளில் பணியாற்றிய அனுபவசாலிகள். பயிற்சிக் குறைவென்று அவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருந்தது. திருகோணமலை உட்பட ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்படும் என்று உடன்படிக்கை கூறியது. குழுவுக்கு ஐவர்: அரசாங்கம் நியமிப்பவர் இருவர், புலிகள் நியமிப்பவர் இருவர், தலைமை தாங்க வெளிநாட்டவர் ஒருவர். உள்நாட்டு அங்கத்தவர்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரசாங்க உத்தியோகத்தர்கள், மதத் தலைவர்கள், அவர்களையொத்த பிரமுகர்கள் ஆகியோரிலிருந்து தெரிந்தெடுக்கலாம் என்றும் கூறியது. மாவட்டத்தின் மூன்று பெரும் சமூகங்களில் ஒன்றான முஸ்லிம்களுக்கென்று ஓர் ஆசனம் அந்த ஐந்தில் குறிக்கப்படவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் தங்களுக்குத் தனித் தரப்பாக இடம் வேண்டுமென்று முஸ்லிம்கள் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 2003-ம் ஆண்டு ஏப்ரலில் மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டபோது, அந்தப் பிணக்கு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இரு தரப்பின் கணக்குக்குள் அடங்கவில்லை. வலை இழுக்கிறவனுக்கும் வயல் உழுகிறவனுக்கும் குழுவில் இடம் எங்கே? பெண்களைப் பொறுத்தவரை, இரு தரப்பிலிருந்தும் ஐவர் ஐவராகப் பதின்மர் கொண்ட உபகுழு ஒன்று அமைக்கப்பட்டு 2003 மார்ச்சில் முதன்முறை கூடியது. அடுத்த மாதமே புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிக்கொள்ள, அதன் பணியும் கருகிப்போயிற்று.

இங்கே பாடநூல்கள் போதிய அளவு பேசாத ஒரு மனிதரையும் நினைவுகூர வேண்டும். அவர் மொழிபெயர்ப்பாளர். தமிழும் சிங்களமும் அறியாத வெளிநாட்டுக் கண்காணிப்பாளர், முறைப்பாடு கொண்டு வந்த தாயின் முகத்தைப் பார்த்தார். ஆனால் அவளுடைய சொல்லை மொழிபெயர்ப்பாளரிடமிருந்தே பெற்றார். 'பிள்ளையைக் கொண்டு போட்டாங்கள்' என்று அவள் சொன்னதை எந்தச் சொல்லால் பெயர்ப்பது? கைது என்றா, கடத்தல் என்றா? 'காணாமல் போனார்' என்பதா, 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்பதா? ஒரு விகுதியில் ஒரு குற்றமே மறைந்துவிடும். அந்த வகையில் உண்மையான மத்தியஸ்தர் அந்த மொழிபெயர்ப்பாளரே. வெளிநாட்டவரின் பணிக்காலம் முடிந்தால் அவருக்கு விமானம் உண்டு. உள்ளூர் மொழிபெயர்ப்பாளர் அதே தெருவில், அதே சந்தேகக் கண்களுக்கு நடுவே வாழ வேண்டும். நாடு கடந்த மத்தியஸ்தப் பயிற்சிகளில் மிகுந்த செலவு யார்மீது செய்யப்பட வேண்டும் என்பதற்கு இது விடை சொல்லும்.

பிறகு நடந்ததை இம்மாவட்டம் மறக்காது. 2005-ம் ஆண்டு மே மாதம் ஓர் இரவில் திருகோணமலை மத்திய பஸ் நிலையத்தருகே புத்தர் சிலையொன்று வைக்கப்பட்டது. ஹர்த்தால், கலவரம், வழக்கு என்று நகரம் கொதித்தது. 2006-ம் ஆண்டு ஜனவரி 2-ம் தேதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 12-ம் தேதி சந்தையில் குண்டு வெடித்தது. தொடர்ந்த வெறியாட்டத்தில் கடைகளும் மனிதர்களும் எரிந்தார்கள். மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது; ஒன்றிய நாட்டவர் கண்காணிப்பில் இருக்கக்கூடாதென்று புலிகள் கூற, சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர் வெளியேறினார்கள். அவர்களை வெளியேற்றியது திறமைக் குறைவன்று, கடவுச்சீட்டு. ஜூலையில் மாவிலாறு அணைக்கதவுகளைப் புலிகள் மூடினார்கள். அவற்றைத் திறக்க இணக்கம் கண்டு கண்காணிப்புக் குழுவின் தலைவரே ஆகஸ்ட் 6-ம் தேதி அவ்விடம் நோக்கிச் சென்றபோது இராணுவத்தின் எறிகணைகள் அருகே விழுந்தன. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் மூதூரில் பிரெஞ்சு நிவாரண நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 2008 ஜனவரியில் உடன்படிக்கையை அரசாங்கம் முறித்துக்கொள்ள, எஞ்சியிருந்த கண்காணிப்பாளரும் விடைபெற்றார்கள்.

இவ்வளவும் நடந்த பின்னர், பேசுகிறவர்களின் பேச்சுத் திறன் போதாமையால் சமாதானம் குலைந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

இந்த உண்மையைப் பயிற்சித் துறையிலேயே சிலர் உணர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய அமெரிக்க நாடுகளில் பணிபுரிந்த ஜான் பால் லெடராக் 1995-ல் வெளியிட்ட நூலில் பயிற்சியை இருவகையாகப் பிரித்தார். ஆசானிடம் உள்ள முறையை மாணாக்கர் மீது விதிப்பது ஒரு வகை. மக்களிடம் ஏற்கெனவே உள்ள அறிவை வெளிக்கொணர்வது மற்றொரு வகை. வெளியிலிருந்து வரும் நடுநிலையாளரைவிட, உள்ளிருந்தே மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர் அங்கே பயனுள்ள மத்தியஸ்தராக விளங்கினார் என்பதையும் அவர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து எடுத்துக்காட்டியிருந்தார். பல நாட்டுத் தொண்டர்களைப் பயிற்றி அனுப்பும் நொன்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் என்னும் இயக்கம் 2003-ல் தன் முதற் களமாக இலங்கையைத் தெரிந்தெடுத்தபோது, அதன் தொண்டர்கள் மூதூரிலும் தங்கினார்கள். காந்தியடிகளின் சாந்தி சேனைக் கனவின் வழிவந்த முயற்சி அது. தீர்வு சொல்வது அவர்கள் வேலையன்று. பயத்தால் வெளிவராத உள்ளூர் மனிதர் வெளிவந்து பேசுவதற்குப் பக்கத்தில் நிற்பதே அவர்கள் வேலை. அடக்கமான பணி, ஆனால் ஊரைப் படித்த பணி.

நமது நாட்டுக்கும் இத்துறையில் சொந்தச் சரித்திரம் உண்டு. 1958-ம் ஆண்டின் சட்டமொன்றால் இணக்க சபைகள் தோன்றின. இருபது ஆண்டுகளின் பின் அவை ஒழிந்தன. 1988-ம் ஆண்டின் 72-ம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை நிறுவியது. இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கான மத்தியஸ்தர்கள் சம்பளமின்றிச் சேவை செய்கிறார்கள். பிணக்காளர் ஒவ்வொருவரும் தமக்கு நம்பிக்கையான ஒரு மத்தியஸ்தரைத் தெரிந்துகொள்ள, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிந்தெடுக்கும் முறை அதில் உண்டு. நடுநிலை என்பது ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை, இரு பக்கத்து நம்பிக்கையும் கூடிப் பிறப்பது என்ற நல்ல தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது. கடன் தகராறு, வேலித் தகராறு, அடிதடி என்று ஏழை மக்களின் எத்தனையோ வழக்குகள் நீதிமன்றப் படிக்கட்டேறாமல் இங்கே முடிகின்றன. போருக்குப் பின் காணிப் பிணக்குகளுக்கென்றே தனிச் சபைகளும் தோன்றின.

ஆனால் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிணக்கில் ஒரு தரப்பு அரசாக இருக்குமாயின் மத்தியஸ்த சபை அதை ஏற்க முடியாது. இப்போது இம்மாவட்டத்துப் பிணக்குகளை எண்ணிப் பாருங்கள். சம்பூரில் மக்களின் எதிர்த் தரப்பு எது? கடற்படையும் முதலீட்டுத் துறையும். காடென்றும் சரணாலயமென்றும் எல்லைக்கல் நடப்பட்ட வயல்களில் எதிர்த் தரப்பு எது? அரசின் திணைக்களங்கள். கன்னியா வெந்நீரூற்றில் 2019-ல் எழுந்த பிணக்கில் தொல்பொருள் திணைக்களம் இருந்தது. 2020-ம் ஆண்டு ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருட்களைப் பேணுவதற்கென ஜனாதிபதி செயலணியொன்று பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் நியமிக்கப்பட்டபோது, தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அச்செயலணியில் அவர்களில் ஒருவரேனும் இருக்கவில்லை. 2025-ம் ஆண்டு நவம்பரில் திருகோணமலைக் கடற்கரையோரத்தில் மீண்டும் ஒரு புத்தர் சிலை வைக்கப்பட்டது; பொலிஸார் அதை அகற்றினார்கள்; மறுநாள் அதே சிலை பொலிஸ் பாதுகாப்போடு திரும்ப வைக்கப்பட்டது. 2005-க்கும் 2025-க்கும் இடையே எத்தனை பட்டறைகள் நடந்திருக்கும்!

அயலவனோடு சமாதானமாகப் போ என்று பயிற்றுவிக்கிறோம். நல்லது. ஆனால் அயலவனோடு உள்ள பிணக்கு மட்டுமே மத்தியஸ்தத்துக்கு உரியது, அரசோடு உள்ள பிணக்கு மத்தியஸ்தத்துக்கு அப்பாற்பட்டது என்று வகுத்துவிட்டால், எளியவர்கள் எளியவர்களோடு இணங்கிப்போகக் கற்பார்கள்; வலியவர் யாரோடும் இணங்க வேண்டிய அவசியமே ஏற்படாது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். மத்தியஸ்தர் நீதி அநீதி பேசத் தொடங்கினால் பலமுள்ள தரப்பு மேசையை விட்டு எழுந்து போய்விடும். பிறகு பேச்சும் இல்லை, சமாதானமும் இல்லை. ஆகவே மத்தியஸ்தர் வாய் மூடி நடுநிலை காப்பதே விவேகம் என்பார்கள். இம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. குண்டுகள் விழும் வேளையில் குண்டை நிறுத்துவதே முதல் வேலை. அப்போது தீர்ப்புச் சொல்ல முற்படுகிறவர் உயிர்களைப் பணயம் வைக்கிறார். ஆனால் துப்பாக்கி ஓய்ந்த பிறகும் அதே மௌனத்தை ஒரு தருமமாகப் போதிப்பதைத்தான் நாம் ஏற்கவில்லை. சமமற்ற நிலத்தில் நட்ட நடுவே நிற்பவர், நிலம் சாய்ந்திருக்கும் பக்கமே சரிந்து விழுவார். அவர் மனத்தில் பட்சபாதம் இல்லாதிருக்கலாம். அவர் காலடி நிலத்தில் இருக்கிறது.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா? கட்டாயம் வேண்டும், இப்போதுள்ளதைவிடக் கடினமான பயிற்சி வேண்டும். திருகோணமலைக்கு வரும் மத்தியஸ்தர், எந்த நாட்டவராயினும், முதலில் இங்கே பேசும் மொழிகளில் ஒன்றையேனும் கற்க வேண்டும். கற்கும் வரை உள்ளூர் மொழிபெயர்ப்பாளரைத் தமக்குச் சமமான சகபாடியாக மதிக்க வேண்டும். காணிச் சட்டத்தையும் 1956-ம் ஆண்டின் மொழிச் சட்டம் முதலான சரித்திரத்தையும் கற்க வேண்டும். ஒரு வயலின் மூன்று தலைமுறைக் கதையை அறியாமல் அந்த வயலைப் பற்றிப் பேச வாய் திறக்கலாகாது. தம்மை அனுப்பியவர் யார், அவருக்கு இந்தத் துறைமுகத்தில் என்ன அக்கறை என்பதைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவும், மக்கள் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லவும் பழக வேண்டும். மேசையைச் சுற்றி யார் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். முஸ்லிம் மீனவன் இல்லையா? சிங்களக் குடியேற்றவாசி இல்லையா? கணவனைத் தேடும் தமிழ்ப் பெண் இல்லையா? அவர்கள் வரும் வரை மேசை முழுமையாகவில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். அரசும் ஒரு பிணக்காளரே என்று சட்டம் ஏற்கும்படி வாதாடுவதும் அப்பயிற்சியின் ஒரு பாடமாக வேண்டும்.

இவற்றைச் சான்றிதழ் தரும் ஐந்து நாட் பட்டறையில் கற்பிக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் இவற்றைக் கற்கக்கூடியவர்கள் ஓர்ஸ் ஹில்லிலும், கீழே சந்தையிலும், கிண்ணியாவிலும், மூதூரிலும், சேருவிலவிலும் இருக்கிறார்கள். மூன்று மொழிகளிலும் விலை பேசும் மீன் வியாபாரி இருக்கிறார். மூன்று சமூகத்துப் பிள்ளைகளையும் பார்த்த தாதி இருக்கிறார். 2006-ல் ஓடி 2016-ல் திரும்பி வந்து வேலி போட்ட பெண் இருக்கிறார். வெளிநாட்டு ஆசான்கள் வரட்டும். தோடம்பழக் கதையும் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் இம்மனிதர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கட்டும்: அந்தப் பழம் காய்த்த மரம் யாருடைய காணியில் நின்றது? அதற்கு அவர்கள் சொல்லும் விடையை ஆசான் எழுதிக்கொள்ளத் தொடங்கும் நாளில் உண்மையான பயிற்சி ஆரம்பமாகும்.